டாக்சிக்காரனின் கால்கள்

என் வீட்டுக்காரரைத் திட்டுவதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கிக் கொடுத்தாலும் எனக்குப் போதாது. மனுஷர் கெட்டவர் இல்லை, கல்லுளிமங்கன். பல் செட் செய்யும் லேபில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. ஊரார் வாய்க்கெல்லாம் பல்லைக் கச்சிதமாகப் பொருத்துகிறவர், வீட்டுக்கு வந்ததும் பொம்மைக் காருக்குச் சேசிஸ், அதாவது மோட்டாரும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம், பொருத்த உட்கார்ந்துவிடுவார். பலகையில் வெட்டிய பள்ளத்தில் மின்சாரத்தால் ஓடுமே, அந்தக் கார்கள். ஒரு கம்பெனியின் மேல்கூட்டை இன்னொரு கம்பெனியின் சேசிஸில் உட்காரவைப்பதில் அவரை அடித்துக்கொள்ள, அந்தக் கார்களை ஓட்டும் அவருடைய கிளப்பில் ஆளில்லை. சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை மூன்று தடவை அளப்பார். நான் கூப்பிட்டால் மட்டும் ஒரு தடவைகூடக் காதில் விழாது.

என் தம்பி டாக்சி ஓட்டியவன். இரண்டு வருஷத்துக்கு முன் லாரி மோதியதில் முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் போய்விட்டன. அன்றிலிருந்து டாக்சி என்று யாராவது பேச்செடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவன் பிறந்தநாளுக்கு அவனுடைய டாக்சியையே செய்து, கிளப்பில் அவன் கையாலேயே ஓட்டவைக்க வேண்டும் என்று எனக்கு வெறி. பழைய கூடு ஒன்றை வாங்கி மஞ்சள் பூசினேன். டிரைவர் சீட்டில் கட்டைவிரல் அளவுக்கு அவனை உட்காரவைத்தேன். நீலச் சட்டை, அரும்பு மீசை, தேய்ந்த செருப்பு. கால்களுக்கு மட்டுமே மூன்று நாள் ஆனது. சேசிஸ் போட்டுக் கொடுங்கள் என்று அவர் மேஜையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். வேறெதையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் வந்து பார்த்தால் கூடு அம்சமாகப் பொருந்தியிருந்தது. உள்ளே தம்பிக்குத் தொடைக்குக் கீழே ஒன்றுமில்லை. மோட்டார் நடுவில் நெடுக்காக வரும் சேசிஸ் அது. அதற்கு இடம்விட டிரைவரை வெட்டுவது இவர்கள் வழக்கமாம். கால்கள் குப்பைக்கூடையில் கிடந்தன.

"எல்லா வண்டியிலயும் இப்படித்தானே வெட்டுவோம்," என்றார்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரு கால வெட்டியிருக்கீங்கன்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குப்பைக்கூடை முன்னால் மண்டியிட்டுத் தேடினார். நான்கு நாள் நான் பேசவில்லை, பாத்திரங்கள்தான் பேசின. மோட்டார் பின் சக்கரத்தோடு குறுக்கே வரும் வேறொரு சேசிஸைப் பிடித்தார். அது மூன்று மில்லிமீட்டர் நீளம் கூடுதல். கூட்டை அராவினால் என் மஞ்சள் போய்விடும் என்று, சேசிஸையே அறுத்துக் குறைத்து ஒட்டினார். கால்களையும் பல் செட் பசையால் ஒட்டினார். ஆனாலும் கோடு தெரிந்தது. அதற்கும் திட்டினேன்.

பிறந்தநாளன்று தம்பியைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கிளப்புக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வழியெல்லாம் வரமாட்டேன் என்று சண்டை. அங்கே என் வீட்டுக்காரர் டாக்சியின் கூட்டைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார். தம்பி பொம்மையை வெகுநேரம் பார்த்தான். நகத்தால் அந்தக் கோட்டைத் தடவினான்.

"ஒட்டு சுத்தமா இருக்கு மாமா. அன்னைக்கு ஆஸ்பத்திரியில நீங்க இருந்திருக்கணும்."

தம்பியே கூட்டை மாட்டித் தரச்சொல்லி, காரை ஓட்டும் கைவிசையை வாங்கிக்கொண்டான். முதல் சுற்றை, உள்ளே சவாரி இருப்பதுபோல் மெதுவாக ஓட்டினான்.