வாசற்படியில் ஒரு வலது கால்

நான் வடிவமைப்புப் படிக்கிறேன் என்றதும் எங்கள் ஊர் அடம்பனில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "தையலோ பிள்ளை?" முதல் வருடம் முழுக்க நான் ஒரு தையல்கூடப் போடவில்லை. களிமண் பிசைந்தேன், கம்பி வளைத்தேன், காகித மட்டை வெட்டும்போது விரலையும் வெட்டிக்கொண்டேன். கொழும்புப் பக்கத்துப் பல்கலைக்கழகம். எங்களுக்குப் பட்டறை வேலை பழக்கிய விரிவுரையாளருக்குப் பேச்சில் நம்பிக்கை கிடையாது, கையில்தான். முதல் விடுமுறைக்கு அவர் ஒரு வேலை கொடுத்து அனுப்பினார். வீட்டில் உள்ள ஏதாவதொரு பள்ளத்தில் பிளாஸ்டர் ஊற்றி, அந்தப் பள்ளத்தின் வடிவத்தைக் கொண்டுவர வேண்டும். அச்சில் வந்தது வந்தபடியே இருக்க வேண்டும், அழகுபடுத்துகிறேன் என்று யாரும் கைவைக்கக் கூடாது.

மற்றவர்கள் தாச்சிச் சட்டி, சவர்க்காரப் பெட்டி என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு யோசிக்கத் தேவையிருக்கவில்லை. எங்கள் வாசற்படியில் ஒரு கால் இருந்தது.

எனக்குப் பதினொரு வயதில், சண்டைக்குப் பயந்து, நாங்கள் தலைமன்னாரில் படகேறி இராமேஸ்வரம் போனோம். அண்ணா வரவில்லை. மாடுகளுக்கு ஒரு வழி பார்த்துவிட்டு அடுத்த படகில் வாறன் என்றார். அவருக்கு அப்போது பத்தொன்பது வயது. பிறகு அவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. அப்பா மண்டபம் அகதி முகாமிலேயே இறந்துபோனார். சண்டை முடிந்து நானும் அம்மாவும் திரும்பி வந்தபோது வீட்டில் கூரையில்லை, கதவில்லை, யன்னலில்லை. ஆனால் நாங்கள் போகும்போதே ஷெல் பட்டு உடைந்து கிடந்த வாசற்படியை யாரோ சீமெந்து பூசித் திருத்தியிருந்தார்கள். பூசிய சீமெந்து காயுமுன் யாரோ அதில் மிதித்தும் இருந்தார்கள். செருப்பில்லாத வலது கால். விரல்கள் வீட்டுப்பக்கம் பார்த்திருந்தன. உள்ளே போன காலுக்குத் தடம் இருந்தது. வெளியே வந்த கால் எங்கும் இல்லை.

அம்மா குந்தியிருந்து அந்தக் குழியைத் தடவிப் பார்த்தார். "அவன் வந்திருக்கிறான்" என்றார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

அன்றிலிருந்து அந்தப் படியை யாரும் மிதிக்கக் கூடாது. குடும்பப் பதிவுக்கு வந்த கிராம அலுவலர், எங்கள் விதானையார்கூட வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பாய்ச்சல் பாய்ந்துதான் உள்ளே வந்தார். வீட்டுத்திட்டக்காரர் புதுப்படி கட்டித் தருகிறோம் என்றார்கள். அம்மா சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் ஈரத்துணியால் குழியைத் துடைப்பார்.

எனக்கு அது பயமாக இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், நான் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததே இல்லை. நாங்கள் வருவதற்கு முன்பே ஒருவர் உள்ளே போய்விட்டார், இன்னும் உள்ளேதான் இருக்கிறார், நாங்கள் அவருடைய வீட்டில் இருக்கிறோம் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. பகலில்தான் அது மோசம். உச்சி வெயிலில் முற்றம் முழுக்க வெளுத்துக் கிடக்கும்போது படியில் அந்தக் குழி மட்டும் கறுப்பாகத் தெரியும். அண்ணாவின் காலென்றால் ஏன் பயப்பட வேண்டும் என்று என்னை நானே ஏசிக்கொள்வேன். கால் கொஞ்சம் சிறியதுதான். காயும்போது சீமெந்து சுருங்கியிருக்கும் என்று எனக்கு நானே விஞ்ஞானமும் சொல்லிக்கொண்டேன்.

பிளாஸ்டர் ஊற்றக் கேட்டால் அம்மா பேயாட்டம் ஆடுவார் என்று நினைத்தேன். அவர் குழியை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கால் முழுசா வருமே?"

"ஓம் அம்மா, ரேகைகூட வரும்."

"அப்ப செய்."

தூரிகையால் குழிக்குள் சவர்க்காரத் தண்ணீர் பூசினேன். பூசாவிட்டால் பிளாஸ்டர் சீமெந்தைப் பிடித்துக்கொள்ளும். சுற்றிவரக் களிமண்ணால் வரம்பு கட்டி, குமிழி வராமல் கரைத்து, மெதுவாக ஊற்றினேன். அம்மா பக்கத்திலேயே குந்தியிருந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

"சுடுது பிள்ளை."

"இறுகேக்கை சூடாகும் அம்மா. அது அப்பிடித்தான்."

பட்டறையில் எத்தனையோ தடவை தொட்ட சூடுதான். ஆனாலும் நான் கைவைத்துப் பார்த்தபோது காய்ச்சல்காரரின் காலைத் தொட்டதுபோல இருந்தது.

அந்த நேரம் பார்த்து மாடு பக்கத்து வயலுக்குள் இறங்கிவிட்டதென்று யாரோ கூப்பிட, அம்மா ஓடினார். நான் தனியாகத்தான் அச்சைக் கிளப்பினேன். விரல் பக்கம் வர மறுத்தது. தூரிகை அங்கே ஒழுங்காகப் போகவில்லை, என் கவனக்குறைவு. ஆணியால் நெம்ப, சடக்கென்று ஒரு சத்தத்தோடு வந்தது.

அதைத் திருப்பி மடியில் வைத்தேன். வெள்ளைப் பாதம், உள்ளங்கால் மேலே பார்த்தபடி. இவ்வளவு நாளும் எங்கள் தரைக்கு அடியில் ஒருவர் தலைகீழாக நடந்து, தன் பாதத்தை எங்கள் பாதத்தோடு ஒட்டி வைத்திருந்ததுபோல இருந்தது. இரண்டாம் விரலின் அடியில் சாம்பல் நிறச் சீமெந்துத் துண்டு ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டேன். உள்ளே ஒரு வளையம். குழியில் பார்த்தபோது வெடிப்பென்று நினைத்தது, இப்போது மேலே எழுந்து நின்றது. மெட்டி.

ஒரு பெண்ணின் கால். அண்ணாவுடையது இல்லை.

யாரோ இடம்பெயர்ந்து வந்தவள், போகும் வழியில் நான்கு நாள் இங்கே தங்கியிருப்பாள். அண்ணா வரவே இல்லை. இது அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? கைவைக்கக் கூடாது என்று விரிவுரையாளர் சொன்னது காதில் கேட்டது. கேட்கட்டும் என்று பிளேட்டை எடுத்தேன். மெட்டியைச் சுரண்டினேன். அரத்தாளால் தேய்த்து, விரலை வழுவழுப்பாக்கினேன். அவ்வளவு சுத்தமான வேலையை அந்த வருடம் நான் செய்யவில்லை.

அம்மா வந்து கை கழுவி, துடைத்து, கால் அச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல வாங்கினார். குதிக்காலிலிருந்து மெதுவாகத் தடவிக்கொண்டு போனார். இரண்டாம் விரலில் கை நின்றது.

"மெட்டி எங்கை?"

நான் அரத்தாளைக் காலால் பின்னுக்குத் தள்ளினேன்.

"இந்த விரலிலை மெட்டி இருந்தது. ஒவ்வொரு நாளும் துடைக்கிறனான், எனக்குத் தெரியாதே?"

எழுந்து போய்க் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அங்கே அந்த இடம் பெயர்ந்துபோய்ச் சொரசொரவென்று கிடந்தது.

"அம்மா, அது அண்ணான்ரை கால் இல்லை. உங்களுக்கு மனம் நோகும் எண்டுதான் சுரண்டினனான்."

"அவன்ரை கால் எண்டு நான் எப்ப சொன்னனான்?" அம்மாவின் குரல் உயரவில்லை. "அந்த நேரம் இயக்கத்துக்குப் பிடிப்பினம் எண்ட பயத்திலை எல்லாரும் அவசரமாத்தானே கலியாணம் கட்டினவை. அவனும் கட்டியிருப்பான். படியைப் பூசிப்போட்டு, வலது காலை வைச்சு வா எண்டு அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். ஆரத்தி எடுக்க நான் இல்லை, அப்பா இல்லை. அவன்தானே கூப்பிட்டிருப்பான்."

திரும்பி வந்த நாளிலிருந்து அம்மா துடைத்துக்கொண்டிருந்தது மருமகளின் காலை. அந்த ஒரு வளையத்தில்தான் மகனுக்குக் கலியாணம் நடந்திருந்தது, அவன் உயிரோடு இருந்தான். நான் அதைப் பத்து நிமிடத்தில் தேய்த்துவிட்டேன். அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மா ஏசவில்லை. அச்சை இரண்டு கையாலும் என்னிடம் திருப்பித் தந்தார்.

"கொண்டு போ பிள்ளை. இது எங்கட ஆக்களின்ரை கால் இல்லை."