மடங்காத இறக்கை

மேனாம்பேட்டில் என் மகனுடைய ஃபிளாட்டில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதில் பதினொரு விமானங்கள், எல்லாம் அசலைச் சுருக்கிச் செய்த மாதிரிகள். போன வாரம் பன்னிரண்டாவது வந்தது. போர்க்காலத்தில் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்த சண்டை விமானம். சக்கரம் மூன்று. இறக்கைகளைப் பாதியில் மேல்நோக்கி மடிக்கலாம். இரண்டு தடவை மடித்துப் பார்த்திருப்பேன்.

"அப்பா, கீல் லூசாயிடும். அது கலெக்‌ஷன் பீஸ்" என்று வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டான். பூட்டு வேறு. வாதாட எனக்குத் தெம்பில்லை. ஆனால் விரித்தபடியே வைத்துவிட்டான். உட்கார்ந்தால் எழுந்தால் அதுதான் கண்ணில் படுகிறது.

நான் சிறுவனாக இருந்தபோது அம்பத்தூரில் எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, அப்படிப்பட்ட கப்பலில் விமானங்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். வீட்டிலிருந்த விமானம் பித்தளைத் தகட்டில் அவரே செய்தது. இடது இறக்கையில் இருபத்திரண்டு ஆணிகள், வலதில் இருபத்தொன்று. வாலில் ஓர் எண். லீவில் வந்தால் அதையும் ட்ரங்குப் பெட்டியில் கொண்டுவருவார். பொழுது சாய்ந்ததும் இறக்கைகளை மடித்து அலமாரித் தட்டில் வைப்பார். ஒருநாள்கூடத் தவறியதில்லை.

எதற்கு மடிக்க வேண்டும் என்று கேட்டேன்.

"கப்பல்ல எடம் ஏதுடா? வந்து எறங்குனதும் மடிச்சு உள்ள தள்ளிடுவோம். மடிச்சாதான் அது வந்துடுச்சுன்னு கணக்கு."

"போனதெல்லாம் வந்துடுச்சா மாமா?"

"ஒண்ணு வரல" என்று வாலிலிருந்த எண்ணைக் கட்டை விரலால் துடைத்தார்.

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு மாமா வீட்டில் இருந்தார். முதல் நாள் கரையான்சாவடியில் இருந்த நண்பரைப் பார்க்கப் போயிருந்தார். பூஜையில் வைக்க அப்பாவின் சுத்தியல், ரம்பம், என் ஜாமெட்ரி பாக்ஸ் என்று அம்மா ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். தட்டில் மடிந்து கிடந்த விமானத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். உடைந்த சாமானைப் படைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அப்பா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வெல்டர். அவரிடம் நீட்டினாள்.

"அது மடங்கும்பா" என்றேன்.

"மடங்குற றெக்கைய வெச்சிகினு எந்த பிளேனுடா பறக்கும்? நேரா ஏரிலதான் வுழும்" என்று சிரித்தார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மெஷின்களைக் கழுவித் துடைக்கிற நாள். பட்டறைக்கு எடுத்துப்போய், இறக்கைகளை விரித்து, இரண்டு கீலையும் பற்றவைத்து, புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தார். சந்தனம், குங்குமத்தோடு அது தங்கம் மாதிரி மின்னியது.

மறுநாள் காலை பூஜை நேரத்துக்குத்தான் மாமா வந்தார்.

"பாத்தியா மச்சான்? ஒடஞ்சிகினு இருந்திச்சி. இனிமே லாரி ஏறினாகூட அசையாது" என்றார் அப்பா.

மாமா அதைக் கையில் எடுத்தார். இறக்கை நுனியை ஒரே ஒரு தடவை மேலே அழுத்திப் பார்த்தார்.

"நல்லா கீது மாமா" என்றார் அப்பாவிடம். பொரியை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே போனார். அன்று பொழுது சாய்ந்தபோதும் அதன் பக்கம் வரவில்லை.

லீவு முடிந்து கிளம்பும்போது அது பெட்டிக்குள் அடங்கவில்லை. இந்தப் பக்கம் வைத்தால் அந்தப் பக்கம் இடித்தது. "பெரிய பொட்டியா வாங்கக் கூடாதா?" என்று அம்மா கடிந்துகொண்டாள். மாமா அதை என்னிடம் கொடுத்தார்.

"இங்கயே இருக்கட்டும்டா."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என்மேல் அத்தனை பிரியம் என்றுதான் நினைத்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் விமானத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினேன். பஸ் கிளம்பிய பிறகும் மாமா ஜன்னல் வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். என்னைத்தான் பார்க்கிறார் என்று நினைத்துக் கையை ஆட்டினேன்.