ஷிபாமில் பூட்டிக் கிடந்த வீடு

நான் இதுகளை நம்புற ஆளில்லைத் தம்பி. சுவிஸில, லுசேர்ணில ஹோட்டல் குசினியில சமைச்சே வயசு போனவன், பேய் பிசாசு எண்டு ஆரும் தொடங்கினா எழும்பிப் போயிடுவன். நீர் சிரிப்பீர், தெரியும். சிரியும், ஆனா நடந்தது நடந்ததுதான்.

மனுசி ராணிக்குக் கான்சர். கீமோ முடிஞ்சு, இனி அடுத்த ஸ்கானைப் பாத்துத்தான் எதுவும் சொல்லலாம் எண்டு டாக்டர் சொல்லிப்போட்டார். அவ படுக்கையில கிடக்கேக்க டிவியில யேமனில ஷிபாம் எண்டொரு ஊரைக் காட்டினவங்கள், பாலைவனத்துக்கு நடுவில மண்ணால கட்டின மாடி வீடுகள், நூற்றாண்டுக் கணக்கா நிக்குதாம். "உதை ஒருக்காப் பாத்தா எனக்குக் காணும், வேறொண்டும் வேண்டாம்" எண்டா. சண்டை நடக்கிற நாடு, சனம் எனக்கு விசர் எண்டுது, எண்டாலும் அந்தக் 'காணும்' எண்ட சொல் என்னை நித்திரை கொள்ள விடேல்லை. வெளிக்கிட்டிட்டம்.

அங்க ஒரு அவசரமும் இல்லை. ராணிக்கு மூச்சு வாங்கும், ஒரு நிழலில இருந்து மற்ற நிழல் மட்டும் நடப்பம், இருந்து இஞ்சிக் கோப்பி குடிப்பம், ஆடுகள் போறதைப் பாப்பம். கலியாணம் கட்டின காலத்திலயும் நாங்கள் அப்பிடி ஆறுதலா இருந்ததில்லை. கடைசி நாள் பின்னேரம், டிரைவர் சாலிம், எங்கட வயசுதான், ஆக்கள் சவூதிக்குப் போய்ப் பூட்டிக் கிடந்த வீடொண்டைத் திறந்து காட்டினார். கீழ்த்தட்டை மட்டும் பாத்தம், மேல ஏற அவவால ஏலாது.

எங்கட ஆக்கள் ஒரு வீட்டால வெளிக்கிடேக்க போறன் எண்டு சொல்லுவினமோ? வாசல்படியில வைச்சு ராணி பழக்கத்தில, "அப்ப போட்டு வாறம்" எண்டா.

"ஆருக்கப்பா சொல்லுறீர்?" எண்டு நான் சிரிச்சன்.

சொன்னா நம்பமாட்டீர், மேல்மாடியில இருந்து ஒரு பொம்பிளைக் குரல், எங்கட தமிழில, சாந்தமா, "அவ இஞ்சயே நிக்கட்டும். நீங்கள் போட்டு வாங்கோ."

சாலிமும் நிமிந்து பாத்தவர். தமிழ் தெரியாத மனுசன், ஆனா குரல் கேட்டது. என்னெண்டு கேக்க, காத்து எண்டுபோட்டு, கெதியாக் கதவைப் பூட்டினார். நான் ராணியின்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வெயிலுக்குள்ள வந்திட்டன். பயந்துதான் போனன். அவ வீட்டைத் திரும்பியும் பாக்கேல்லை.

ஸ்கான் வந்துது. ஒண்டும் இல்லை, முழுக்கச் சுகம் எண்டு டாக்டர் கை குடுத்தார். நான் ஆஸ்பத்திரிக் கொரிடோரில நிண்டு அழுதன். இப்ப ராணி எங்கட மூண்டாம் மாடிக்கு லிஃப்ட் இல்லாமல் ஏறுறா, மூச்சே வாங்கிறேல்லை. நல்லாச் சமைக்கிறா, சிரிக்கிறா, என்னோட அன்பா இருக்கிறா.

ஒண்டே ஒண்டு தம்பி. கலியாணம் கட்டின நாளில இருந்து அவவின்ர கால் ஐஸ், குளிருக்கு நான்தான் சுடுதண்ணிப் போத்தல் வைச்சுக் குடுக்கிறது. யேமனால வந்த பிறகு தேவைப்படேல்லை. வெளியில ஸ்னோ கொட்டேக்கையும் அந்தக் கால், பின்னேர வெயில் பட்ட மண்சுவர் மாதிரி வெதுவெதுப்பா இருக்கு. சந்தோசம்தானே பட வேணும். ஆனா நான் என்ர காலை விலத்தித்தான் படுக்கிறன்.