கமுந்திங் கேட்டில் மாட்டிய ஐசி

ஓட்டுப் போடாதவன் ஐந்து வருடத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது. எங்கள் தாமான் குடியிருப்பில் இந்தச் சட்டத்தைப் போட்டவள் நான். கோப்பெங்குக்குப் பக்கத்தில், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் கட்டிய நாற்பது வீடுகள். வீடுகளுக்கு முன்னால் ஓடாத ஒரு சாக்கடை. அதற்காக வாரம் ஒருமுறையாவது யாரையாவது திட்டாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. தேர்தல் அறிவித்ததும் வீடு வீடாகப் போய், வராதவர் இனிமேல் என் காதுபட எதையும் குறை சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தச் சட்டத்தில் நானே போய் விழுந்தேன்.

நான் வேன் ஓட்டுகிறேன். தொழிற்சாலைகளில் அழுக்குச் சீருடைகளை எடுத்துவந்து ஈப்போவில் ஒரு சலவைக் கடையில் போட்டு, துவைத்ததைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. அங்கே நுழைவதற்கு முன் கேட்டில் காவலுக்கு இருக்கும் ஜாகாவிடம் ஐசியைக் கொடுத்துவிட்டுப் பாஸ் வாங்க வேண்டும். திரும்பும்போது பாஸைக் கொடுத்து ஐசியை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருத்தரின் அடையாள அட்டையைப் பிடித்துவைக்க இவர்கள் யார்? எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். ரூல்ஸ் என்பார்கள்.

ஓட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் நல்ல மழை. அந்த ஜாகா நேப்பாளி, என் வயதுதான் இருக்கும். வேனை நிறுத்தி, பின்கதவைத் திறக்கச் சொல்லி, மூட்டை மூட்டையாகப் பார்த்தான். நான் நனைந்தேன். துணி நனைந்தது. எனக்குத் தெரிந்த மலாய் கெட்ட வார்த்தைகளை எல்லாம் சொல்லி, பாஸை அவன் ஜன்னலில் வீசிவிட்டு வேனை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தால் கையை ஆட்டிக்கொண்டு மழையில் ஓடிவருகிறான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்து இன்னும் வேகமாக அழுத்தினேன்.

மறுநாள் காலை புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு, பழைய தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போனேன். வாசலில் பையைத் திறந்தபோதுதான் ஐசி இல்லை என்று தெரிந்தது. அவன் எதற்கு ஓடிவந்தான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பாஸ்போர்ட் நான் எடுத்ததே இல்லை. லைசன்ஸ் போனில் இருந்தது. போனை உள்ளே காட்ட விடுவார்களா என்று நாலு பேரைக் கேட்டேன், நாலு விதமாகச் சொன்னார்கள். அதை நம்பி நிற்க முடியாது.

பக்கத்து வீட்டு அங்கிள் அப்போதுதான் விரலில் மையோடு வெளியே வந்தார். கவர்மெண்ட் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அப்பா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், மகள் மெல்பர்னில். அங்கே அட்டையும் வேண்டாம், மையும் வேண்டாம், பேரும் விலாசமும் சொன்னால் சீட்டைக் கொடுப்பார்கள், போடாவிட்டால் வீட்டுக்கு அபராதம் வரும் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்வார். என் விரலைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, விரல் இன்னும் வெள்ளையா இருக்கு? அப்ப அஞ்சு வருசத்துக்கு எங்களுக்கு நிம்மதி."

"ஆறு மணி வரைக்கும் டைம் இருக்கு அங்கிள். அதுக்குள்ள சந்தோசப்படாதீங்க லா."

வேனை எடுத்தேன். ஹைவே முழுக்க ஓட்டுப் போட ஊர் திரும்புகிறவர்கள். கேஎல் நம்பர் கார், ஜொகூர் நம்பர் கார், பின்சீட்டில் தூங்கும் பிள்ளைகள். எல்லாரும் ஓட்டுக்கு வருகிறார்கள், நான் ஓட்டை விட்டு ஓடுகிறேன். ஈப்போவைத் தாண்டி, மலையைக் குடைந்த குகைப் பாதையைத் தாண்டி, கமுந்திங் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

தொழிற்சாலை மூடியிருந்தது. அவன் மட்டும் கேட்டில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தான். உள்ளே என் ஐசி. டிராயரில் வைத்தால் அடுத்த ஷிப்ட் ஆள் எங்கேயாவது போட்டுவிடுவான், இன்றைக்கு உங்களுக்கு ஓட்டு ஆச்சே, அதனால் ராத்திரி முழுக்க என்னிடமே வைத்திருந்தேன் என்றான்.

மன்னிப்பு என்ற சொல் என் வாயில் சுலபமாக வராது. வேனில் இருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். அவன் ஊரில் எப்படி ஓட்டுப் போடுவார்கள் என்று கேட்டேன். முத்திரை ஒன்று கொடுப்பார்களாம், சின்னத்தின்மேல் குத்த வேண்டுமாம். ஸ்வஸ்திக் முத்திரை. மை கட்டைவிரல் நகத்தில். ஆனால் அங்கே நேரில் போனால்தான். இங்கே வந்த பிறகு இரண்டு தேர்தல் போய்விட்டன. அதைக் கேட்டதும் அவன் கவர்மெண்ட் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

"அக்கா, போங்க போங்க," என்றான். தமிழில் அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிறகு மலாயில், "திங்கட்கிழமை விரலைக் காட்டணும்," என்றான்.

திரும்பும்போது குகைப் பாதைக்கு முன்னால் ஒரு லாரி படுத்துக்கொண்டது. மூன்று மணி நேரம் ஒரே இடம். நான் ஹாரனைப் பிடித்து அழுத்தினேன், பக்கத்துக் காரில் இருந்த சீனப் பெரியவர் மை வைத்த விரலைக் காட்டிச் சிரித்தார். பள்ளிக்கூட வாசலில் நிறுத்தும்போது ஐந்து நாற்பது.

எங்கள் ஓட்டுச்சாவடியில் வயதுப்படிதான் அறை. ஒன்றாம் நம்பர் கிழவர்களுக்கு. வயதை மறைக்கும் பெண்கள் எல்லாரும் அன்றைக்கு அகப்படுவார்கள். நான் இரண்டில் நுழைந்தேன். அதிகாரி ஐசியைப் பார்த்து என் பெயரையும் நம்பரையும் சத்தமாகப் படித்தார். கட்சி ஆட்கள் பட்டியலில் கோடு போட்டார்கள். இடது ஆள்காட்டி விரல் மைக்குள் போனது. மறைவில் போய்ச் சீட்டில் பெருக்கல் குறி போட்டேன். பெட்டிக்குள் சீட்டு விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. ஆனால் எனக்கு வாய்கொள்ளாச் சிரிப்பு.

அங்கிள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். அவர் மூக்குக்கு நேராக விரலை நீட்டினேன். அங்கேயே நின்று சாக்கடையில் ஆரம்பித்தேன். குப்பை லாரி, தெருவிளக்கு, நாய் என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன். கேட் சாத்த வந்த போலீஸ்காரர் சிரித்துவிட்டார்.

திங்கட்கிழமை கேட்டில் ஐசியைக் கொடுக்கவில்லை. நம்பரை எழுதிக்கொள், அட்டையைத் தரமாட்டேன், ஆபீஸில் கேட்டால் என்னைக் கூப்பிடு என்றேன். அவன் எழுதிக்கொண்டான். பிறகு என் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டான்.

"அதைக் கேக்க உனக்கு ரைட் இல்ல."

அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பின்கதவைத் திறக்கச் சொல்லாமலே தடுப்புக் கம்பியைத் தூக்கினான். மூட்டைகளை ஒழுங்காகச் சோதிக்க மாட்டாயா என்று அதற்கும் ஒரு சத்தம் போட்டுவிட்டு உள்ளே போனேன்.