பன்னிரண்டடிப் படகு

முனீஸ்வரிக்கு நீச்சல் தெரியாது. வைகை அணைக்கரையில் வாக்கப்பட்டு இருபத்திரண்டு வருடமாகியும் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. புருஷன் ஒச்சாண்டி பரிசலில் போய் வலை எடுத்து வருவார். அவள் கரையில் மீனைப் பிரித்து, ஆண்டிபட்டிக்குப் பஸ் ஏறுவாள்.

இந்த ஆடியில் பரிசலின் அடி பிய்ந்துபோனது. கம்பம் ஊரில் பட்டறை வைத்திருக்கும் ஷானவாஸ் இரண்டு அலுமினியப் படகுகளைக் கொண்டுவந்து கரையில் இறக்கினார். ஒன்று எட்டடி, மற்றது பன்னிரண்டடி. ஓட்டிப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

ஒச்சாண்டி சிறியதைக் கவிழ்த்து, பரிசலைப் போலவே தலையில் தூக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்தார்.

"பாத்தியா, தட்டு மாதிரி இருக்கு. நான் ஒருத்தனே போதும்."

"தட்டுதாண்ணே. உங்கள வச்சு மீனுக்குப் பரிமாறிரும்," என்றார் ஷானவாஸ். பிறகு முனீஸ்வரியிடம் குரலைத் தாழ்த்தினார். "பரிசல் ஓட்டுனவுக எல்லாரும் சின்னதத்தான் மொதல்ல தூக்குறாக. ரெண்டு பேரு முங்கி எந்திரிச்சாக. ஒருத்தரு எந்திரிக்கல."

ஒச்சாண்டி அதற்குள் சின்னப் படகைத் தண்ணீரில் இறக்கித் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். பள்ளத்தாக்கு வழியாக இறங்கிய காற்று அலையைச் சுருட்டியது. கரையோரம் போட்டிருந்த வலையின் கயிறு கைக்கு வந்ததும் அவர் நகர்ந்து விளிம்பில் முழங்காலிட்டுச் சாய்ந்தார். பரிசலில் அப்படித்தான் இழுப்பார்கள். வட்டமான பரிசல் தாழ்ந்து சுழலும், ஆளைக் கொட்டாது. படகு சுழலவில்லை. விளிம்பு தண்ணீரைத் தொட, ஒரு குடம் அளவு உள்ளே புகுந்தது. எப்படியோ தடுமாறி உட்கார்ந்து கரைக்கு வந்தார்.

"ஏங்க, அங்கன என்ன பண்ணுனீக?"

"என்ன பண்ணுனேன்? வலைய இழுத்தேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லவில்லை. தன் முழங்கால் நகர்ந்தது அவருக்கே தெரியவில்லை. அவள் ஷானவாஸ் பக்கம் திரும்பினாள்.

"பெருச விட்டுட்டுப் போங்க பாய்."

"பெருசுக்கு ரெண்டாளு வேணும்டி. ஒன் தம்பியா திருப்பூர்ல இருந்து வருவான்?"

"நான் வாரேன்."

"ஆத்தாடி! கணுக்கால் நனைஞ்சாலே கத்துறவ."

"கத்திக்கிட்டே வாரேன்."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். ஷானவாஸ் கொடுத்த மிதவைச் சட்டை ஒன்றுதான் இருந்தது. அவள் அவரிடம் நீட்டினாள். அவர் அதை அவளுக்கே மாட்டிவிட்டு வாரை இறுக்கினார்.

கரை சிறுத்தது. கரையிலிருந்தவர்களின் பேச்சு அறுந்து, அலுமினியத்தில் அலை மோதும் சத்தம் மட்டும் இருந்தது. ஒச்சாண்டி கட்லா மீன் விலையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே முதல் வலையை இழுத்தார். பேச்சு நிற்கவில்லை, முழங்கால் மட்டும் விளிம்புக்கு நகர்ந்தது. படகு சரிந்தது.

கத்த நேரமில்லை. பலகையில் வழுக்கி எதிர்ப்பக்கம் போய் முழுப் பாரத்தையும் போட்டாள். முதுகில் தண்ணீர் தெறித்தது. படகு நேரானது.

"நான் சொல்றது கேக்குதா இல்லியா?" என்றார் அவர் திரும்பாமலே.

"கேக்குது. சொல்லுங்க."

காற்று ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்பது வலைகள். முனீஸ்வரி தண்ணீரைப் பார்க்கவில்லை. அவருடைய முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.