முகூர்த்தத்துக்குள் ஒரு சட்டை

வெள்ளவத்தையில் சாறிச் சட்டை தைத்துப் பிழைக்கிறவளுக்கு ஆறுதலாக, அவசரமில்லாமல் வேலை செய்கிற கொடுப்பினை எல்லாம் கிடையாது. கனடாவிலிருந்து வருகிறவர்கள் கட்டுநாயக்காவில் இறங்கும்போதே போன் எடுப்பார்கள். "அன்ரி, வெள்ளிக்கிழமை கலியாணம். நாளைக்குத் தருவீங்களோ?" பிளேனிலேயே தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே என்று வாய் வரைக்கும் வரும். விழுங்கிக்கொண்டு, "ஓம், கொண்டு வாங்கோ" என்பேன்.

அப்படிக் கனடாவிலிருந்து கலியாணத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்காக என்னிடம் வந்தது அவளுடைய மாமி, தகப்பனின் தமக்கை. கையில் கூறைச் சேலையிலிருந்து வெட்டிய துணியும், அளவுக்கு ஒரு பழைய சட்டையும். "இதே அளவுக்குத் தையுங்கோ. பிள்ளை தந்துவிட்டது" என்றார். கூறை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. சபையில் வைத்துக் கொடுத்த பிறகுதான் பெண் உள்ளே போய் அதை உடுத்திக்கொண்டு வந்து தாலிக்குக் கழுத்தை நீட்டுவாள். சட்டைக்கும் அதே சட்டம்தான் என்று மாமி பிடித்த பிடியில் நின்றார். ஒருதடவை போட்டுப் பார்க்கட்டும் என்று கெஞ்சிப் பார்த்தேன், மசியவில்லை.

சேலை உடுத்திவிடவும் என்னையே பிடித்திருந்தார்கள். கலியாணத்தன்று மண்டபத்து உள்ளறையில் காத்துக்கொண்டு நின்றேன். பெண் கூறைத் தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள். சட்டையைப் போட்டோம். கொளுக்கி பூட்டுப்படவே இல்லை. நாலு விரல் இடைவெளி. வெளியே ஐயர் மைக்கிலேயே, "பொம்பிளையைக் கெதியாய்க் கூட்டி வாங்கோ, முகூர்த்தம் முடியப் போகுது" என்றார்.

நல்லகாலம், பக்கத் தையலுக்குள் தாராளமாகத் துணி விடுவது என் வழக்கம். பிள்ளை பெற்ற பிறகு எல்லோரும் அதே சட்டையோடு திரும்பி வருவார்கள். "போட்டபடி நில்லுங்கோ, அப்பிடியே பிரிச்சுத் தைக்கிறன்" என்று ஊசியை எடுத்தேன். மாமி பாய்ந்து வந்தார்.

"உடம்பில வச்சுத் தைக்கிறதோ? நல்லநாளும் அதுவுமா!"

வாதாட நேரமில்லை. சட்டையைக் கழற்றி, பெண்ணைச் சால்வையால் போர்த்திக் கதிரையில் இருத்திவிட்டு, பிளேட்டால் தையலைப் பிரித்தேன். மாமி ஐயரைச் சமாளிக்க ஓடினார்.

"நீங்கள் தந்துவிட்ட அளவுச் சட்டை ஆரின்ர, பிள்ளை?" எரிச்சலோடுதான் கேட்டேன்.

"அம்மான்ர, அன்ரி." அவள் குனிந்துகொண்டாள். "எனக்கெண்டு ஒண்டும் இல்லை. அங்க சாறி உடுக்கேக்க அம்மான்ர சட்டையைத்தான் போடுவன். எனக்குக் கொஞ்சம் இறுக்கம், கொளுக்கி பூட்டுப்படாது. அம்மாதான் பின் குத்திவிடுவா. போன வருசம் அவ செத்தாப் பிறகு வேற தைக்க மனம் வரேல்லை. இதுவும் அந்த அளவுக்கு இருந்தா நல்லா இருக்கும் எண்டு நினைச்சிட்டன், இவ்வளவு விலகும் எண்டு நினைக்கேல்லை."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. கூடவே ஊசிக் காதும் தெரியவில்லை, கண் அப்படி நிறைந்துவிட்டது. அவள் ஊசியை வாங்கி, நூலைக் கோத்து நீட்டினாள். நான் தைக்கத் தைக்கத் துணி விலகாமல் பிடித்துக்கொண்டாள். கதவை யாரோ தட்டிக்கொண்டே இருந்தார்கள். இத்தனை வருடத்தில் எத்தனையோ அவசரத் தையல் தைத்திருக்கிறேன். பெற்ற பிள்ளைக்குத் தைப்பதுபோல் நெஞ்சு அடித்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

கொளுக்கி பூட்டுப்பட்டது. சேலையைச் சுற்றி, முன்மடிப்பு எடுத்துக் கொய்யகத்தைச் செருகினேன். கதவைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அன்ரி, அம்மா இப்ப இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பா?"

அந்த அம்மாவை நான் கண்டதேயில்லை.

"'பிந்திப் போச்சு, ஓடடி' எண்டு கத்தியிருப்பா."

அவள் அழுகையும் சிரிப்புமாக என்னைக் கட்டிப்பிடித்தாள். "ஓம் அன்ரி, அதைத்தான் சொல்லியிருப்பா" என்றாள். கூறையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மணப்பெண் என்ற நினைப்பே இல்லாமல் ஓடினாள்.

கெட்டிமேளம் கேட்டபோது அந்த அறையில் தனியாக நின்று, முன்பின் தெரியாத ஒரு தாய்க்காக அழுதுகொண்டிருந்தேன்.