ஒன்பதில் எழும்பாத அண்ணன்

குருநகரில் எங்கள் வீட்டைத் தேடி வருகிறவர்கள் இலக்கம் கேட்பதில்லை. "பயில்வான்ரை வீடு எது?" என்று கேட்டால் போதும், சந்தியில் மீன் வெட்டுகிறவர் கத்தியாலேயே வழி காட்டிவிடுவார். அப்பா மேடைக் குஸ்திக்காரர். யுத்தத்துக்கு முந்திய காலத்தில் டிக்கெட் விற்று நடத்திய குஸ்திகளில் அவருடைய பெயர் இருந்தால் கூட்டம் கட்டுக்கடங்காது என்பார்கள். கொழும்பில் இவரைவிட ஒரு முழம் உயரமான வெள்ளைக்காரனைத் தூக்கி அடித்தாராம். ஒவ்வொரு குஸ்தியிலும் அப்பா மல்லாந்து விழுந்து கிடப்பார், மத்தியஸ்தர் எண்ணத் தொடங்குவார், எட்டுவரை அசையமாட்டார். பத்து வந்தால் தோல்வி, ஒன்பதில் எழும்புவார். அந்த ஒன்பதுக்காகத்தான் சனம் காசு கொடுத்தது.

அண்ணன் அம்மாவின் உடம்போடு பிறந்தவன். நீளமான கைகள், ஒடுங்கிய தோள். பகலில் கரையோரம் ஒரு பட்டறையில் படகு எஞ்சின் திருத்துவான். யுத்தம் முடிந்து பெருநாட்களும் காணிவேல்களும் திரும்பவும் தொடங்கிய காலத்தில், மேடை நிகழ்ச்சிகள் நடத்தும் ஒரு முதலாளி அப்பாவைக் கோயில் வாசலில் கண்டு, "உங்கடை மகன் இறங்குவாரோ?" என்று கேட்டார். அப்பா "ஓம்" என்றார். அண்ணனிடம் கேட்டது அதற்குப் பிறகுதான். அதுவும் கேள்வியாக இல்லை.

முதல் போட்டிக்கு முதல் நாள் பின்னேரம் அப்பா வீட்டு யன்னல்களைச் சாத்தினார். என்னை வெளியே அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. நானும் சுவரோடு சாய்ந்து நின்றேன்.

"குஸ்தியிலை பேச்சு எண்டு ஒண்டிருக்கு," என்றார். "ஆர் வெல்லுறது, எப்பிடி விழுறது, எல்லாம் முதலிலையே பேசித்தான் மேடைக்கு ஏறுறது. இதை வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. கொம்மாவுக்கும் நான் சொன்னதில்லை."

அண்ணன் கேட்டது ஒன்றைத்தான்.

"அப்ப அந்த வெள்ளைக்காரன்?"

"அவன் என்ரை சிநேகிதன். நல்ல மனிசன்."

அண்ணன் அன்றிரவு சாப்பிடவில்லை. சிறுவயதில் அந்த வெள்ளைக்காரனை அப்பா அடித்த கதையைச் சொல்லித்தான் அவன் பள்ளிக்கூடத்தில் தன்னைவிடப் பெரியவர்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறான், பல்லும் உடைத்திருக்கிறான்.

அதன் பிறகு வந்த வருடங்கள் அவனுக்கு நல்ல வருடங்களாக இருக்கவில்லை. அப்பாவின் சிவப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, அப்பாவின் பட்டப்பெயரோடு மேடையேறுவான். அறிவிப்பாளர் "பயில்வானின் வாரிசு" என்று முழங்கும்போது கை தட்டுவார்கள். சால்வை விலகி அந்த ஒல்லி உடம்பு வெளியே வந்ததும் கைதட்டல் தேய்ந்து போகும். அவன் ஒழுங்காகத்தான் விழுவான், ஒழுங்காகத்தான் எழும்புவான். சனம் நம்பவில்லை, அவ்வளவுதான். "அப்பன்ரை பேரைக் கெடுக்காமல் இறங்கடா" என்று ஒருமுறை மானிப்பாய்ப் பக்கத்தில் எவரோ கத்தியது எனக்குக் கேட்டது. அப்பாவுக்கும் கேட்டிருக்கும். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடி, "நோவு முகத்திலை தெரியோணும். நீ விழுந்தால் மூட்டை விழுந்த மாதிரிக் கிடக்கு," என்பார். அண்ணன் மீன்முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக் சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருப்பான்.

நான் விளையாட்டு ஆசிரியை. பள்ளிக்கூட நாட்களில் நானும் குஸ்தி பிடித்தவள். ஆனால் என்னுடையது மெத்தையில், புள்ளிக் கணக்கில் நடக்கிற குஸ்தி. அதில் யாரோடும் எதையும் பேசி வைப்பதில்லை. தோற்றால் தோற்றதுதான். அப்பா அதை ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. முதலாளிதான் "பயில்வானின் மகள் மத்தியஸ்தர் என்றால் சனம் வரும்" என்று கண்டுபிடித்தார். அண்ணன் தனியே அடிவாங்கப் போகிறானே என்றுதான் நான் சம்மதித்தேன்.

மத்தியஸ்தரின் உண்மையான வேலை எண்ணுவதல்ல. விழுந்தவனின் அருகில் குனிந்து, யாரும் காணாதபடி கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தவேண்டும். அவன் திருப்பி அழுத்தினால் சுகம் என்று அர்த்தம். இதையும் அப்பாதான் சொல்லித் தந்தார்.

அன்று கடற்கரையை ஒட்டிய மைதானத்தில் காணிவேல். தகர பீப்பாக்களின் மேல் பலகை அடித்து, அதன்மேல் பழைய மெத்தைகளைப் பரப்பி, படங்கு என்கிற தடித்த மழைத்துணியை விரித்து இழுத்துக் கட்டியிருந்தார்கள். சுற்றிக் கட்டிய கயிறுகளும் படகுக் கயிறுகள்தான். நாலு மணிபோல ஒரு தூறல் விழுந்து விட்டது. படங்கைத் துணியால் துடைத்தார்கள். நான் காலால் தேய்த்துப் பார்த்தேன், வழுக்கியது.

"இண்டைக்குத் தூக்கி எறியிறதை விடுவம்," என்றேன் அண்ணனிடம்.

அவன் முன்வரிசையைப் பார்த்தான். அங்கே அப்பா பிளாஸ்டிக் கதிரையில், கழுத்தில் முதலாளி போட்ட மாலையோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய காலத்து ஆட்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள்.

"அவர் பாக்க வந்திருக்கிறார். செய்வம்," என்றான்.

எதிராளி நீர்கொழும்பிலிருந்து வந்தவர். கறுப்பு முகமூடி போட்டுத்தான் எப்போதும் மேடையேறுவார். முகமூடிக்குள்ளே இருப்பது இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன், சிங்களமும் கொஞ்சம் தமிழும் பேசுகிற சாது. என்னைத் தங்கை என்ற அர்த்தத்தில் 'நங்கி' என்றே கூப்பிடுவார். அவரும் படங்கைத் தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆனால் பேச்சு பேச்சுதான். மூன்றாவது சுற்றில் அவர் அண்ணனைத் தலைக்கு மேலால் தூக்கி எறிய வேண்டும், அண்ணன் முதுகால் விழவேண்டும், ஒன்பதில் எழும்பவேண்டும்.

மூன்றாவது சுற்றில் அவர் தூக்கினார். தூக்கிய கணத்தில் அவருடைய வலதுகால் சறுக்கியது. அண்ணன் காற்றில் திரும்பவேண்டிய அளவுக்குத் திரும்பவில்லை. தலையும் கழுத்தும் ஒரு பக்கமாக முதலில் பட்டன. பலகைக்கு அடியிலிருந்து வழக்கமாக வருகிற "டமார்" சத்தம் வரவில்லை. சின்னச் சத்தம்தான்.

நான் முழங்காலில் விழுந்து அவனுடைய கையைப் பிடித்தேன். அழுத்தினேன். திரும்பவும் அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. கண்கள் திறந்துதான் இருந்தன.

"அண்ணை."

"கை தெரியேல்லை," என்றான். உதடு மட்டும் அசைந்தது. "தங்கச்சி, கை இருக்கோ?"

"இருக்கு. நான் பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். அசையாதை."

சனம் எழும்பி நின்றது. இத்தனை வருடத்தில் அண்ணன் விழுந்ததற்கு அப்படி ஒரு சத்தம் எழும்பி நான் கேட்டதில்லை. "எழும்படா! எழும்பு!" பிறகு அவர்களாகவே எண்ணத் தொடங்கினார்கள். ஒன்று, இரண்டு. ஆயிரம் பேர் ஒரே குரலில் எண்ணினார்கள். முகமூடிக்காரர் என் பக்கம் குனிந்து, "நங்கி, என்ன? நங்கி?" என்றார். அவருடைய மூச்சு இரைந்தது.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கதிரையின் நுனிக்கு வந்து, கையால் முழங்காலைத் தட்டித் தட்டிச் சனத்தோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். நான் கயிற்றுக்குக் கீழால் குனிந்து அவருக்குக் கேட்கும்படி கத்தினேன்.

"அப்பா, இது பேச்சில்லை!"

அவர் முகம் கறுத்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டுவிட்டதோ என்று இரண்டு பக்கமும் பார்த்தார். "சத்தம் போடாதை. சனம் பாக்குது. எண்ணு. அவன் எழும்புவான்."

ஒன்பது வந்தது. சனம் ஒன்பதை நீட்டியது. பிறகு பத்து. அதற்குப் பிறகு சிரிப்பு, விசில், கூச்சல். ஒரு தண்ணீர்ப் போத்தல் வந்து என் தோளில் பட்டது. நான் அறிவிப்பாளரிடமிருந்து மைக்கைப் பறித்து, "இவருக்கு உண்மையாவே அடிபட்டிட்டுது, டொக்டர் ஆரும் இருந்தால் வாங்கோ," என்றேன். கை தட்டினார்கள். அன்று பின்னேரம் முழுவதும் ஒவ்வொரு போட்டிக்கும் அறிவிப்பாளர் ஏறக்குறைய இதே வார்த்தைகளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். என் குரல் உடைந்ததைக் கேட்டு ஒருவன், "அண்ணனை விடத் தங்கச்சி நல்லா நடிக்கிறாள்!" என்று கத்தினான்.

உண்மையைச் சொல்வதற்கு என்னிடம் வேறு வார்த்தை இருக்கவில்லை.

அப்போதுதான் முகமூடிக்காரர் தன் கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் முடிச்சை இழுத்தார். முகமூடியைக் கழற்றிப் படங்கில் எறிந்தார். வியர்வையில் நனைந்த வழுக்கைத் தலை, நரைத்த தாடி, அழுகிற கண்கள். "உண்மை! உண்மை!" என்று இரண்டு கையையும் விரித்துக் கத்தினார். "கடவுளே, உண்மை!"

சனத்துக்கு அது என்னவென்று விளங்கியதோ தெரியாது. அப்பாவுக்கு விளங்கியது. அந்தத் தொழிலில் முகமூடி போட்டவன் உயிர் போனாலும் மேடையில் அதைக் கழற்றமாட்டான். அப்பா எழுந்தார். மாலை அறுந்து விழுந்தது. எழுபது தாண்டிய மனிதர், படியால் வராமல் பீப்பாயில் காலை வைத்து ஏறிக் கயிற்றுக்குள்ளால் வந்தார். அதற்குள் நாலைந்து இளைஞர்கள் மேலே ஏறி அண்ணனின் கையையும் காலையும் பிடித்துவிட்டார்கள்.

"தொடாதேங்கோ!" என்று அப்பா போட்ட சத்தத்தில் மைதானமே அடங்கியது. "ஒருத்தரும் தொடாதேங்கோ. கழுத்து. கையை எடுங்கோடா!"

அவர் அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்து, தன் இரண்டு முழங்காலுக்கும் நடுவே அவன் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டார். அவனைக் கிடத்தித் தூக்குவதற்காகப் படங்கைக் கிழித்து மேடைப் பலகை ஒன்றைப் பிடுங்கினார்கள். அம்புலன்ஸ் வரும்வரை அவர் குனிந்தபடியே இருந்தார். அண்ணனின் நெற்றியில் தண்ணீர் சொட்டியது. அது அப்பாவின் வியர்வையா கண்ணீரா என்று நான் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில், எலும்பு விலகவில்லை, நரம்பு நசிபட்டிருக்கிறது, பொறுத்திருந்துதான் பார்க்கவேண்டும் என்றார்கள். அந்தப் பொறுத்திருத்தல்தான் கொடுமை. அம்மா செபமாலையோடு வாங்கில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவைக் கண்டுகொண்டவர்கள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வந்து, "பயில்வான், ஒரு படம் எடுப்பமோ?" என்று கேட்டார்கள். அவர் எழுந்து நின்று எடுத்துக்கொண்டார். மறுக்கத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

நாலைந்து நாளில் இடதுகை விரல்கள் அசைந்தன. அன்றுதான் அப்பா முதல்முறையாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணன் கழுத்தில் பட்டியோடு கூரையைப் பார்த்தபடி கேட்டான்:

"நான் எழும்புவன் எண்டுதானே பாத்துக்கொண்டிருந்தனீங்கள்?"

"ஓம்."

"தங்கச்சி வந்து சொன்னவளாம்."

"சொன்னவள்." அப்பா கட்டில் விரிப்பின் சுருக்கத்தைக் கையால் தேய்த்தார். "நான் நடிப்பெண்டு நினைச்சிட்டன், மோனை. என்ரை பிள்ளைக்குக் கடைசியிலை தொழில் வந்திட்டுது எண்டு சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தனான்."

அண்ணன் சிரிக்கத் தொடங்கினான். கழுத்து அசையக்கூடாது என்பதால் சத்தமில்லாமல், வயிறு மட்டும் குலுங்கச் சிரித்தான். கண்ணோரத்தால் நீர் வழிந்து காதுக்குள் போனது. அவனால் துடைக்க முடியவில்லை. அப்பா தன் சாரத்தின் நுனியால் துடைத்துவிட்டார்.

அண்ணன் நடக்கிறான். வலதுகையில் பிடி முழுதாக வரவில்லை. சட்டைப் பொத்தானுக்கும் சாவிக்கும் இடதுகைதான். பட்டறையில் இப்போது எஞ்சின் சத்தத்தைக் கேட்டுப் பழுதைச் சொல்வான், கழற்றிப் பூட்டுவதை மற்றவர்கள் செய்வார்கள். ஒருநாள் பயிற்சிக்காக அவனைக் கடற்கரையில் நடத்திக்கொண்டு போகும்போது, "விழேக்கை என்ன நினைச்சனீ?" என்று கேட்டேன். அவன் யோசிக்கவேயில்லை. "இனி உந்தச் சால்வை போடத் தேவையில்லை எண்டு," என்றான்.

அந்த விழுகை யாரோ எடுத்த காணொளியாக எல்லாருடைய கைபேசியிலும் போனது. நிஜமா நடிப்பா என்று அதன் கீழே கருத்துகளில் சண்டை. முதலாளி அடுத்த பெருநாளுக்கு "பயில்வானின் வாரிசு திரும்புகிறார்" என்று போடலாமா என்று கேட்டு ஆள் அனுப்பினார். அண்ணன் வாய் திறக்குமுன் அப்பா எழுந்துபோய் அந்த ஆளின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்.

பிறகும் ஊர் விடவில்லை. போன மாதம் நான் அப்பாவைத் தலைமயிர் வெட்டக் கூட்டிக்கொண்டு போனேன். நான் கடை வாசலில் நின்றேன். பக்கத்துக் கதிரையில், முகம் முழுக்கச் சவர்க்கார நுரையோடு அப்பாவின் வயதொத்த ஒருவர்.

"பயில்வான், பெடியன் எப்ப திரும்ப இறங்கிறான்? பயந்து போனானோ? நீங்கள் அந்த வெள்ளைக்காரனிட்டை வாங்கின அடிக்கு இதெல்லாம் ஒரு அடியே?"

அப்பா கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

"அவன் என்னை அடிக்கேல்லை," என்றார். "நானும் அவனை அடிக்கேல்லை. எல்லாம் முதலே பேசி வைச்சதுதான். அந்த முறை மட்டுமில்லை, எல்லா முறையும். என்ரை மகன் விழுந்தது மட்டும்தான் உண்மை."

சவரக்கத்தி நின்றது.

"மகனுக்காகப் பொய் சொல்லுறியள்," என்றார் நுரைக்காரர், அன்பாகவே. "எனக்கு விளங்குது. தகப்பன் எண்டால் அப்பிடித்தான். நான் அண்டைக்குக் கொழும்பிலை முன்னுக்கு நிண்டனான், பயில்வான். என்ரை கண்ணாலை பாத்தனான். நீங்கள் எழும்பேக்கை நான் அழுதனான்."

அப்பா வெள்ளைத் துணி போர்த்தியபடி வாசல் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீ சொல்லு."

"ஓம் ஐயா," என்றேன் அந்த மனிதரிடம். "அப்பா சொல்லுறது உண்மை."

அவர் என்னையும் பார்த்தார், அப்பாவையும் பார்த்தார். நுரை காயத் தொடங்கியிருந்தது. கடைக்காரரிடம், "நீ முகத்தை வழி தம்பி, நேரம் போகுது," என்று சொல்லிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.